ஏப்ரல் பக்கத்தில் பால் கணக்கு

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பா, நான் என நால்வர். ஆறு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புது டைரியில் அந்த ஆண்டின் இலக்குகளை எழுதுகிறேன். இந்த வருடம் எட்டு: எடையை 84 கிலோவிலிருந்து 76-க்குக் கொண்டுவருவது, 24 புத்தகங்கள் படிப்பது, ரூ.1,20,000 சேமிப்பது, காலை 5 மணிக்கு எழுவது, ஆங்கிலப் பேச்சு, புல்லாங்குழல், யோகா, செல்போனைக் குறைப்பது. மாதக் கடைசி ஞாயிறன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே நூற்றுக்கு மதிப்பெண் போடுவேன். ஜனவரி 71. பிப்ரவரி 58. மார்ச் 40. அதன் பிறகு டைரியைத் திறக்கவே மனம் வரவில்லை. போன வாரம் துணிந்து எடுத்தால், ஏப்ரல் முதல் எல்லாப் பக்கங்களிலும் மனைவி பால் கணக்கு, மருந்துக் கணக்கு என்று எழுதி நிரப்பியிருக்கிறாள். சத்தம் போட்டுவிட்டேன். அது வேறு விஷயம். டைரி என்ன கதிக்கு ஆளாகியிருக்கிறது என்று நீங்களே பார்ப்பதற்காக ஜூலைப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். மாதாமாதம் விடாமல் முன்னேற்றத்தைக் குறித்துவர என்ன வழி? செல்போன் செயலிக்கு மாறிவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, ஐப்பசி பிறந்தால் எனக்கு இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். வருடம் முடியப்போகிறதே என்ற பதற்றம். பொங்கல் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். "ஆறு மாதம் போனால் போகட்டும், இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள்" என்று நான் தட்டிக்கொடுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கண்ணில் பட்டது. "சத்தம் போட்டுவிட்டேன். அது வேறு விஷயம்."

எப்படித் தம்பி அது வேறு விஷயம் ஆகும்?

நீங்கள் அனுப்பிய ஜூலைப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அனுப்பிய நீங்கள் ஒரு முறையாவது படித்தீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. படித்திருந்தால் இந்தக் கேள்வியை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், அடுத்த அறையில் இருப்பவரிடம் கேட்டிருப்பீர்கள்.

பக்கத்தின் இடது ஓரம் முழுவதும் கோடுகள். நாளுக்கு இரண்டு அரை லிட்டர் பாக்கெட். 11, 12 தேதிகளில் கோடு இல்லை. 'ஊர்' என்று எழுதியிருக்கிறது. ஊருக்குப் போவதற்கு முன்பு பாலை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த ஒருவர் நீங்கள் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

அடுத்து கரண்ட். 'ஜூலை 1 - 268. ஏசி குறை.' அதற்குக் கீழே மாதக் கடைசியில் '481', பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். இது என்ன என்று புரிந்ததா? நம் மாநிலத்தில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத் தட்டே மாறிவிடும், பில் எகிறிவிடும். உங்கள் மனைவி கணக்கெடுப்பவர் வரும்வரை காத்திருக்கவில்லை. பாதி வழியிலேயே மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு மாதத்தில் 268 என்றால் இதே வேகத்தில் 536-ல் போய் நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டிருக்கிறார். ஏசியைக் குறைத்து 481-ல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மாதாமாதம் முன்னேற்றத்தைக் குறித்துவர வழி கேட்டீர்களே, அது இதுதான். திருத்திக்கொள்ள நாள் மிச்சம் இருக்கும்போது பார்ப்பது. நீங்கள் செய்தது, எல்லாம் முடிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கே 58 மதிப்பெண் போட்டு அழுதது.

அந்த மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். கிலோவையும் புத்தகத்தையும் புல்லாங்குழலையும் கூட்டி எப்படித் தம்பி 71 வந்தது? கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். அரிசி மூட்டையையும் ஆள் கூலியையும் பெட்ரோல் லிட்டரையும் ஒரே பத்தியில் கூட்டி எழுதிக் கொடுத்தால் உங்கள் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவாரா?

இப்போது அந்தப் பக்கத்தின் நடுவே வாருங்கள். 'மாமா சுகர் 3 மாதம்: ஏப்ரல் 8.4. ஜூலை 7.6.' இந்த வரியைப் படித்தபோது எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மாமா என்றால் உங்கள் அப்பா. மூன்று மாத சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை அது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அந்த உடம்பு எப்படி நடத்தப்பட்டது என்று தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 8.4 என்பது 7.6-க்கு இறங்கியிருக்கிறது என்றால், மருந்து ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம், தொண்ணூறு நாட்கள் யாரோ சோற்றை அளந்து வைத்திருக்கிறார்கள், மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், டீயில் சர்க்கரை கேட்டபோது முகத்தை முறித்துக்கொள்ளாமல் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இந்த வருடம் நிறைவேறிய பெரிய இலக்கு அது. உங்கள் அப்பாவின் உடம்பில், உங்கள் டைரியிலேயே நிறைவேறியிருக்கிறது. அதைத்தான் 'டைரி என்ன கதிக்கு ஆளாகியிருக்கிறது' என்று எனக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் எட்டு இலக்குகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் ஓர் ஆளின் பெயர் இல்லை. மகள் இல்லை, அப்பா இல்லை, மனைவி இல்லை. நீங்கள் 5 மணிக்கு எழாவிட்டால் யாருக்கு என்ன? புல்லாங்குழல் மூலையில் கிடந்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கணக்கு மார்ச்சோடு நிற்பதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர்க் கடையில் புதுக்கணக்குப் போடும்போது ஏட்டின் மூலைகளில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டதும், முதல் வரவை ஒரு வாடிக்கைக்காரர் பெயரில்தான் எழுதுவார்கள். எதிரில் ஆள் இல்லாமல் கணக்கு ஏது?

என் அம்மா மோர்க்காரிக்குக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். மாதக் கடைசியில் மோர்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வருவார். இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள், ஒரு கோடு கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று சண்டை போடுவார்கள், பிறகு அம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த மாதத்தை ஆரம்பிப்பார். அப்பாவிடம் வருடா வருடம் யாரோ கொடுத்த தோல் அட்டை டைரி இருந்தது. அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஜனவரி மட்டும் எழுதியிருந்தது.

"ஒரு ஆணுக்குத் தனக்கென்று ஆசை இருக்கக் கூடாதா?" என்று இதைப் படித்துவிட்டு யாராவது எனக்கு எழுதுவார்கள். தாராளமாக இருக்கட்டும். பெண்ணுக்கும் இருக்கட்டும். ஆனால் நான்கு பேர் இருக்கும் வீட்டில், மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால், அந்த நேரத்தில் மற்ற மூவரின் வேலையையும் இன்னொருவர் பார்க்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று ஆறு வருடங்களில் ஒரு தடவையாவது குறித்து வைத்தீர்களா? எனக்கு இந்த விஷயத்தில் பழைய புத்திதான். வீட்டுக் கடமை முதலில், அதிலிருந்து மிஞ்சுவதில்தான் நம் புல்லாங்குழல். ஆணுக்கும் அதே சட்டம்தான்.

செயலி வேண்டாம். மூன்றாவது வாரம் அதன் மணியடிப்பை நிறுத்திவிடுவீர்கள். செல்போனைக் குறைப்பது ஓர் இலக்கு என்று எழுதிவிட்டு, அதைச் சரிபார்க்கச் செல்போன் கேட்பது எனக்கு விளங்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்றாம் தேதி இரவு, சாப்பாடு முடிந்ததும், அதே டைரியோடு மனைவியின் எதிரில் உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். அரை மணி நேரம் போதும். அவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அவர் எழுதியதைக் கணினியில் ஏற்றிக் கட்டம் போட்டு வண்ணம் பூசித் திருத்திக் கொடுக்காதீர்கள். ஆண்கள் இந்த இடத்தில்தான் உதவி செய்வதாக நினைத்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள். "உனக்குத் தனியாக ஒரு டைரி வாங்கித் தருகிறேன்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கங்களில் இரண்டு வரிகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் மாத்திரை ஒன்று, கரண்ட் ஒன்று. இந்த வருடத்தில் மிச்சம் இருக்கும் மாதங்களுக்கு அவை உங்கள் பொறுப்பு. மாத்திரை தீர்ந்துபோனால் அப்பா கேட்பார். அதுதான் வேண்டும்.

உங்கள் எட்டில் ஆறைத் தள்ளி வையுங்கள். எடையும் சேமிப்பும் இருக்கட்டும். எடையை மாதக் கடைசியில் ஒரு நாள் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முந்தின நாள் கல்யாண விருந்து, உப்பு, குடித்த தண்ணீர் என்று ஒரு கிலோ அங்குமிங்கும் ஆடும். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், நான்கு வாரச் சராசரி. நடையை அப்பாவோடு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

சேமிப்பு. வருடம் 1,20,000 என்று எழுதிவிட்டு, மாதம் மிஞ்சுவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பீர்கள். மிஞ்சியிருக்காது. அதே ஜூலைப் பக்கத்தில் 'செல்வமகள் 1000 - 3ஆம் தேதி' என்று இருக்கிறது. ஏன் 3ஆம் தேதி தெரியுமா? பெண் குழந்தைகளுக்கான அந்தச் சேமிப்புக் கணக்கில் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போயிற்று. கணக்குப் பிரிவுக்காரர் நீங்களா அவரா என்று எனக்கே குழம்பிவிட்டது. நீங்களும் தபால் அலுவலகத்தில் மாதம் 10,000-க்கு ஒரு தொடர் வைப்பு தொடங்குங்கள். ஐந்து வருடம், 60 தவணை. ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், உங்களுக்கு 100 ரூபாய் ஆகும். கட்டிவிட்டுத் தொடரலாம். அடுத்தடுத்து நான்கு தவணை தவறினால்தான் கணக்கை நிறுத்துவார்கள், அதற்குப் பிறகும் புதுப்பித்துக்கொள்ள இரண்டு மாதம் தருவார்கள். மூன்றே மாதத்தில் மதிப்பெண் இறங்கியதும் டைரியையே மூடிவிட்ட உங்களைவிடத் தபால்காரருக்குப் பொறுமை அதிகம்.

கடைசியாக ஒன்று. நகலின் கீழ் மூலையில், மடிப்பில் பாதி மறைந்து ஒரு வரி இருக்கிறது. 'பல் - இந்த மாதம்.' அதில் 'இந்த' என்பதை அடித்துவிட்டு மேலே 'அடுத்த' என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்கானதற்கு மாமா என்று போட்டிருக்கிறார், மகளுக்கானதற்குப் பாப்பா என்று போட்டிருக்கிறார். இந்த வரிக்குப் பெயர் போடவில்லை. உங்கள் பல்லாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள், அந்த வரி எத்தனை மாதம் தள்ளிப் போயிருக்கிறது என்று. பார்த்துவிட்டு இந்தச் சனிக்கிழமை மாலைக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். நீங்களும் கூடப் போங்கள். பாப்பாவை உங்கள் அப்பா பார்த்துக்கொள்வார்.