டர்போ மாற்றியாச்சு, இனி டியூனிங்: கடலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கடலூர், பண்ருட்டி, பாண்டிச்சேரி பக்கத்து லாரி, பிக்கப் ஓனர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லாமே காமன் ரெயில் டீசல் இன்ஜின்கள்; அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும், ஈசியூ என்ற கம்ப்யூட்டர் அதை அளந்து கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை மாற்றுவதுதான் ரீமேப். பழைய இன்லைன் பம்ப் (மெக்கானிக்கல் பம்ப்) வண்டி வைத்திருப்பவர்கள் நல்ல பம்ப் சர்வீஸ்காரரிடம் போங்கள். லேப்டாப்புக்கு அங்கே வேலை இல்லை.

பண்ருட்டியில் இருந்து: அண்ணே, பிக்கப்புக்குப் பெரிய டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிறது) போட்டிருக்கேன். பலாப்பழ லோடோட கிளம்பினா கறுப்புப் புகை பின்னால வர்ற வண்டியவே மறைக்குது. 2000 ஆர்பிஎம் தாண்டினா பறக்குது. ரீமேப் பண்ணா சரியாகுமா?

தம்பி, ஏற்கெனவே யாரோ உங்கள் வண்டியில் ரீமேப் ஃபைல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஈசியூவுக்குள் ஸ்மோக் லிமிட்டர் என்று ஒரு மேப் உண்டு. இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு டீசல், அதற்கு மேல் கிடையாது என்று அது பிடித்து வைக்கும். கம்பெனி ஃபைல் அப்படியே இருந்தால், டர்போ மெதுவாகச் சுற்றும்போது வண்டி மந்தமாக இருக்குமே தவிர இந்த அளவுக்குப் புகை கக்காது. அந்த லிமிட்டரை யாரோ ஏற்றிவிட்டிருக்க வேண்டும்.

புகைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால், அளந்த காற்று வழியில் தப்பிப் போவது ஈசியூவுக்குத் தெரியாது; அது பாட்டுக்கு டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் இன்டர்கூலர் (டர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்களைப் பாருங்கள். பெரிய டர்போ மாட்டும்போது பழைய கிளாம்பையே திரும்பவும் இறுக்கி விடுவது நம்ம ஊர் வழக்கம். ஹோஸ் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி வட்டமாக அப்பியிருந்தால் காற்று அங்கேதான் போகிறது. சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கசிவு இல்லை என்று ஆன பிறகுதான் மேப். ஒரு கிலோ டீசல் எரிய கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் இன்ஜினில் காற்றும் டீசலும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் ஒரு கிலோ டீசலுக்குக் காற்று 18 கிலோவுக்குக் கீழே இறங்கும்போதே புகை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். லோடு ஏற்றி, சிதம்பரம் ரோட்டில் வண்டி குறைவான நேரத்தில், நாலாவது கியரில் 1200இல் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து பதிவு செய்யட்டும். ஈசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), வந்த பூஸ்ட்; கேட்ட ரெயில் பிரஷர் (பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம்), வந்த ரெயில் பிரஷர்; அப்புறம் ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம் டீசல். பூஸ்ட் பின்தங்கும் இடத்தில் மட்டும் டீசலைக் குறையுங்கள். உங்கள் விஷயத்தில் அது 1200க்கும் 2000க்கும் நடுவில் இருக்கும். மேலே நன்றாக இழுக்கும் பகுதியைத் தொட வேண்டாம். கீழே கொஞ்சம் மந்தமாகத்தான் தெரியும். பெரிய டர்போ கேட்டு வாங்கியது நீங்கள்தானே!

திருப்பாதிரிப்புலியூரில் இருந்து: ரெயில் சென்சார்ல சொருகுற டியூனிங் பாக்ஸ் போடலாமா? விலை கம்மியா இருக்கு.

வேண்டாம். அந்த வகைப் பெட்டி, ரெயில் பிரஷர் இருப்பதைவிடக் குறைவு என்று ஈசியூவிடம் பொய் சொல்கிறது. அதை நம்பி ஈசியூ பிரஷரை ஏற்றுகிறது. முழு லோடில் 1600 பார் அழுத்தமும் அதற்கு மேலும் பார்க்கும் பம்ப் அது; இன்னும் ஏற்றினால் பம்பும் இன்ஜெக்டரும்தான் தேயும். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பவனுக்கும் உண்மையான அளவு தெரியாது.

பெங்களூரு லைன் டிரைவர் ஒருவர்: சேலம் தாண்டித் தொப்பூர் ஏத்தத்துல வண்டி திணறுது. எத்தனை குதிரை சக்தி ஏத்தலாம்?

குதிரையை விடுங்கள், சூட்டைக் கேளுங்கள். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) மாட்டி மீட்டரை டேஷ்போர்டில் வையுங்கள். நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே நின்றால் டீசலைக் குறைக்க வேண்டும். சமதளத்தில் சில விநாடி இழுத்துப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லும் டியூனிங், தொப்பூரில் நிமிடக்கணக்கில் முழு லோடில் ஏறும்போதுதான் பிஸ்டனை உருக்கும். டர்போவும் இன்டர்கூலரும் கம்பெனி சைஸிலேயே இருந்தால் 15 சதவீதத்துக்கு மேல் நான் ஏற்ற மாட்டேன். அதோடு, பவர் ஏறினால் லோடும் ஏற்றலாம் என்று ஓனர் கணக்குப் போட வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை மாறாது. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

கடலூர் முதுநகரில் இருந்து: லாரியோட காமன் ரெயில் இன்ஜினைப் போட்டில் ஏத்தியிருக்கோம். கடல்ல திடீர்னு 1500க்கு மேல போக மாட்டேங்குது. கரைக்கு வந்து ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடுது.

இது லிம்ப் மோடு. லாரி ஈசியூ ஸ்பீடு சென்சார், கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் எல்லாவற்றையும் தேடும். போட்டில் அவை கிடையாது. ஏதோ ஒன்று கோளாறு என்று முடிவு செய்து சக்தியைக் குறைத்துவிடுகிறது. ஃபைலில் அந்தச் சோதனைகளை அணைக்கலாம். அதற்கு முன் ஈசியூ கனெக்டரைக் கழற்றி, பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பின் ஓரத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். அந்தப் பொடி இருக்கும்வரை எந்த ஃபைலும் உதவாது.

ஃபைலில் டீசல் அளவை மட்டும் ஏற்ற வேண்டாம். லாரி இறக்கத்தில் மூச்சு விடும். போட் மணிக்கணக்கில் ஒரே லோடில் ஓடும். ஆர்பிஎம்மைப் பாதியாக்கினால் ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலே இன்ஜினுக்கு அவ்வளவு நிம்மதி. மனசில் பட்டதைச் சொல்கிறேன்: ஆழ்கடல் போகும் போட்டுக்கு மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்தான் நல்லது. நடுக்கடலில் ஸ்கேனரோடு யார் வருவார்?

பாண்டிச்சேரியில் இருந்து: பிஎஸ்6 வண்டி. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடிக்கடி அடைக்குது. கழட்டிட்டு ஃபைல் போட்டுத் தருவீங்களா?

மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். டர்போ மாற்றி, ரீமேப் செய்து ரோட்டில் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஊருக்குள் ஓடும் சின்னச் சின்ன ட்ரிப். புகைக்கரி எரிய ஃபில்டருக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெல்லித்தோப்புக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடினால் அது வராது. வாரம் ஒருமுறை விழுப்புரம் வரை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அடைத்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் லீக் டெஸ்ட் (இன்ஜெக்டரில் இருந்து டீசல் எவ்வளவு திரும்பி வழிகிறது என்ற சோதனை) எடுங்கள்.

பாண்டி டீசல் போட்டா மைலேஜ் குறையுதாமே?

வரி குறைவு, அதனால் விலை குறைவு. டீசல் அதே பிஎஸ்6 டீசல்தான். வாட்டர் செப்பரேட்டரை (டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிப்பது) ஒழுங்காக வடிக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்ஜெக்டர் நாலும் புதுசு. ஆனா ஐடிலிங்ல வண்டி ஆடுது.

இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு (code) பொறித்திருக்கும். எந்த சிலிண்டரில் எது என்று ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்ற வேண்டும். மாட்டியவர் அதை விட்டிருப்பார். இன்ஜெக்டரைக் கழற்றாமலே குறியீடு தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், கால் மணி நேர வேலை.