பதில்: ஒரு ஆட்டம் தோற்ற அணி அரையிறுதிக்குப் போனது எப்படி?

வணக்கம். 2023 இருபது வயதுக்குட்பட்டோர் உலக ரக்பி போட்டியில் தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் இத்தாலியிடம் தோற்றும் அரையிறுதிக்குப் போனது எப்படி, அட்டவணையைப் பார்த்தும் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அப்போது 12 அணிகள், மூன்று குழுக்கள். குழுவில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளோடு, இரண்டாமிடத்தில் சிறந்த ஓர் அணியும் அரையிறுதிக்குப் போகும். தென்னாப்பிரிக்கா மற்ற இரண்டு ஆட்டங்களையும் வென்று குழுவில் முதலிடம் பிடித்துவிட்டது. இன்னொரு குழுவில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் 34-34 என்று சமன் செய்தன. அயர்லாந்து குழு முதல்வன், இங்கிலாந்து அந்த நான்காவது இடத்தில் உள்ளே வந்தது.

உங்களைக் குழப்புவது போனஸ் புள்ளியாகத்தான் இருக்கும். அட்டவணையில் வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2. நான்கு அல்லது அதற்கு மேல் ட்ரை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டால், தோற்றாலும்கூட, கூடுதலாக 1. ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றாலும் 1. அதனால்தான் ஆட்டத்தில் பத்துப் புள்ளி பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில், மூன்று புள்ளி தரும் பெனால்டியைக் கம்பத்துக்குள் உதைக்கிறது. வெல்வதற்கல்ல, வித்தியாசத்தை ஏழாக்க. எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

அப்புறம், அரையிறுதிக்கு வராத அணிகளின் ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். அப்போது கடைசி இடம் பிடித்தால் கீழ்நிலைப் போட்டிக்கு இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜப்பான் இறங்கியது, 2024இல் ஸ்பெயின் மேலே வந்தது.