புள்ளிச் சட்டை ஹீரோவைப் படமாக்கலாமா?

தாராளமாகப் படமாக்கலாம், ஆனால் உடையை மாற்றாதீர்கள். கேலிக்கு ஆளான உங்கள் சூப்பர்ஹீரோவின் புள்ளிச் சட்டையைக் கழற்றிக் கறுப்பு உடை மாட்டியதும் திரைக்கதை சப்பென்று ஆகிவிட்டதாகச் சொல்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். வெட்கப்பட்டு மறைத்தால் பாத்திரத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

1962இல் பேட்மேன் காமிக்ஸில் வந்த போல்கா டாட் மேன் (புள்ளி உடை போட்ட வில்லன்) பல வருடம் வெறும் சிரிப்புப் பொருள். 2021இல் வந்த ‘தி சூசைட் ஸ்குவாட்’ படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கன் அந்தப் புள்ளிகளையே அவனைக் கொல்லக்கூடிய நோயாக்கினார். பெயர் அதே அபத்தம்தான், ஆனால் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உங்கள் ஹீரோவின் சக்தியை எடுத்துவிட்டு ஒரு காட்சியை மறுபடி எழுதிப் பாருங்கள். காட்சி அப்படியே நின்றால், சக்தி இன்னும் கதையோடு ஒட்டவில்லை.

அப்புறம் ஒன்று: ஜேம்ஸ் கன் எடுத்தது பல பாத்திரங்கள் சேர்ந்து தாங்கும் கூட்டணிப் படம். உங்கள் ஹீரோ இரண்டு மணி நேரம் தனியாகப் படத்தைத் தாங்குவது வேறு கணக்கு.