"அமேசானும் நஷ்டத்துலதான் ஓடுச்சு": கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல "அவங்க பண்ணாங்க, நாங்களும் பண்ணலாமா" ரகம். பேங்க்ல லோன் கேட்டு வர்ற ப்ராஜக்ட் ரிப்போர்ட்ட 20 வருஷம் படிச்ச கண்ணு இது, "மாதிரி"ன்னு பாத்தாலே பென்சில் தானா கைக்கு வந்துடும்.

கே: டீக்கடைல மாசம் 60 ஆயிரம் நிக்குது. 10 கடை போட்டா 6 லட்சம்னு மச்சான் சொல்றாரு. சரியா?

ப: கல்லால உக்காந்திருக்கிறது உங்க அப்பான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அவருக்கு சம்பளமும் கணக்குல இல்ல. பத்து கடைக்கு பத்து அப்பாவுக்கு எங்க போவீங்க?

கே: செக்கு எண்ணெய் போடுறோம். 140 கோடி பேர்ல வெறும் 1 சதவீதம் பிடிச்சா போதும்ல?

ப: 1.4 கோடி பேரு. உங்ககிட்ட இருக்கிறது 2 செக்கு. அந்த "வெறும்"ம மொதல்ல அடிங்க. முதல் 100 பேரு யாரு, இப்ப எங்க வாங்குறாங்க, எதுக்கு உங்ககிட்ட மாறணும், அத எழுதி அனுப்புங்க.

கே: ஜவுளிக்கடை போர்டு மாத்தினேன், சேல்ஸ் 30% ஏறிடுச்சு. மத்த கிளைக்கும் மாத்தலாமா?

ப: எந்த மாசம்? ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடியா தீபாவளியான்னு சொல்லாம சதவீதம் மட்டும் அனுப்பினா நான் என்ன ஜோசியமா பாக்கறது. போன வருஷம் அதே மாசத்தோட ஒப்பிடுங்க. எத்தன தடவ சொல்றது, தேதி இல்லாம நம்பர் அனுப்பாதீங்க.

கே: எங்க ஸ்டார்ட்அப் 3 வருஷமா நஷ்டம். அமேசானும் இப்படித்தான இருந்துச்சுன்னு பார்ட்னர் இன்னும் 40 லட்சம் போட சொல்றாரு.

ப: வந்துட்டாருய்யா. மாசத்துக்கு ஒருத்தராவது இத தூக்கிட்டு வர்றீங்க. சரி, முழுசா பாப்போம். 1994ல ஆரம்பிச்சு, 97ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்து, 2001 கடைசிலதான் முதல் தடவையா ஒரு காலாண்டுல லாபம் காட்டுனாங்க, அதுவும் சுமார் 50 லட்சம் டாலர், அவங்க சைஸுக்கு சில்லறை. இதுவரைக்கும் உங்க பார்ட்னர் சொல்றது கரெக்ட்டு. ஆனா அங்க கஸ்டமர் கார்டுல காசு உடனே வந்துடும், புத்தகம் சப்ளை பண்ணவனுக்கு சில வாரம் கழிச்சுதான் குடுப்பாங்க, அதனால நஷ்டத்துலயும் கையில அடுத்தவன் காசு ஓடிட்டே இருக்கும். நீங்க கடைகளுக்கு கடனுக்கு சரக்கு போட்டுட்டு, காசு வர 90 நாள் காத்திருக்கீங்க. ரெண்டுக்கும் பேரு நஷ்டம்தான், காசு ஓடுற திசை நேர் எதிர். அப்புறம் வளர்ச்சி: 96ல சுமார் 1.6 கோடி டாலர் விற்பனை, 97ல 15 கோடி கிட்ட, 98ல 60 கோடி. உங்க விற்பனை மூணு வருஷமா அதே 22 லட்சம். அதுவும் போக 2000 பிப்ரவரில, மார்க்கெட் விழறதுக்கு கொஞ்சம் முன்னாடி, ஐரோப்பால பாண்டு (கடன் பத்திரம்) வித்து 69 கோடி யூரோ திரட்டி வச்சிருந்தாங்க, இல்லன்னா கத என்னாயிருக்கும்னு யாருக்கு தெரியும். இன்னொண்ணு, அதே காலத்துல நஷ்டத்துல ஓடுன, நாய் பூனைக்கு சாமான் ஆன்லைன்ல வித்த பெட்ஸ்.காம் அதே பிப்ரவரில பங்கு வெளியிட்டு நவம்பர்ல கடைய மூடுச்சு, அதுல அமேசானே காசு போட்டிருந்துச்சு! வீட்டுக்கு மளிகை கொண்டு வந்த வெப்வான் 2001ல திவால். "நாங்களும் பெட்ஸ்.காம் மாதிரி"ன்னு எவனாவது சொல்லி கேட்டிருக்கீங்களா? பொழச்சவன் ஒருத்தன வச்சு செத்தவன் கணக்க மறைக்கிறதுதான் இந்த வாதமே. 40 லட்சம் போடாதீங்க, மொதல்ல அந்த 90 நாள 30 ஆக்க முடியுமான்னு பாருங்க.

கே: ஒரு கம்பெனி டெபாசிட் வாங்கிட்டு பறவைக்குஞ்சு குடுத்து திரும்ப வாங்கிக்கிறாங்களாம். பிராய்லர் கோழி ஒப்பந்தம் மாதிரியேன்னு சொல்றாங்க.

ப: பிராய்லர்ல கம்பெனிதான் குஞ்சும் தீவனமும் குடுத்து, வளர்த்ததுக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலியும் குடுக்கும், நீங்க போடுறது ஷெட்டும் உழைப்பும். இங்க காசு உங்ககிட்ட இருந்து போகுது. பெருந்துறை பக்கம் இதே மாதிரி டெபாசிட் வாங்கி ஈமு கோழிக்குஞ்சு குடுத்த கம்பெனி 2012ல கவுந்து, போட்டவங்க காசு மாட்டிக்கிச்சே, மறந்துட்டீங்களா? கோழிக்கறி தெருவுக்கு தெரு விக்குது, ஈமு கறிய எந்தக் கடைல வாங்குனீங்க? கடைசில காசு குடுத்து திங்கறவன் யாருன்னு கேளுங்க, பதில் வரலன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

கே: 50 பேர்கிட்ட சர்வே எடுத்தேன், 46 பேரு "கண்டிப்பா வாங்குவோம்"னாங்க.

ப: 50ல எத்தன பேரு சொந்தக்காரங்க? கோக்கோ கோலா 1985ல சுமார் 2 லட்சம் பேருக்கு ருசி பாக்க குடுத்துட்டுதான் ஃபார்முலாவ மாத்துச்சு, 79 நாள்ல பழசு திரும்பி வந்துடுச்சு. ஒரு மடக்கு பிடிச்சா, பழசையே எடுத்துட்டாலும் ஒத்துக்குவாங்கன்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. உங்க 46 பேர்கிட்டயும் 100 ரூபா அட்வான்ஸ் கேளுங்க, அப்புறம் எழுதுங்க.

கே: எம்.டி. மீட்டிங்ல தப்பான உதாரணம் சொன்னா எப்படி மறுக்கிறது? வேலையும் வேணும்.

ப: மறுக்காதீங்க. "சார், அவங்களுக்கு அது ஒர்க் ஆனதுக்கு எது காரணம், அது நம்மகிட்ட இருக்கா"ன்னு நோட்டும் பேனாவுமா கேளுங்க. பதில் சொல்லும்போதே அவருக்கு பாதி புரிஞ்சிடும்.

கே: சார், என் பிசினஸ் ஐடியா பத்தி உங்க கருத்து? அவசரம்.

ப: ஐடியாவ எழுத மறந்துட்டீங்க தம்பி.