பெஞ்சமின் பிரிட்டன்: கேட்டதும் சொன்னதும்

பெஞ்சமின் பிரிட்டனின் இசையைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கீழே ‘பிரிட்டன்’ என்று வரும் இடமெல்லாம் இந்த மனிதரைத்தான் குறிக்கிறது, நாட்டை அல்ல.

பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் சார் இவர்?

1913 நவம்பர் 22-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், லோஸ்டாஃப்ட் என்ற மீன்பிடி ஊரில் பிறந்த இசையமைப்பாளர். அப்பா பல் மருத்துவர், அம்மா நன்றாகப் பாடுவார். வீட்டுக்கு எதிரே கடல். 1976 டிசம்பர் 4-ல் அதே கரையிலுள்ள ஆல்ட்பரோவில் காலமானார். அந்தக் கரையை விட்டு நீண்ட நாள் அவரால் இருக்க முடிந்ததில்லை.

ஆனால் அமெரிக்காவுக்குப் போய்விட்டார் என்று படித்தேனே?

போனார், 1939-ல். கூடவே பாடகர் பீட்டர் பியர்ஸும். 1941-ல் கலிஃபோர்னியாவில் இருந்தபோது, ஆல்ட்பரோவில் பிறந்த கவிஞர் ஜார்ஜ் கிராப் பற்றி இ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. 1942-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கப்பலேறித் திரும்பிவிட்டார். கிராப்பின் கவிதையிலிருந்து பிறந்ததுதான் ‘பீட்டர் கிரைம்ஸ்’ ஆபரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். 1945 ஜூன் 7-ல் லண்டனில் அரங்கேறியது.

அதன் கதையில் ஒரு மீனவனிடம் வேலை செய்த பையன் கடலில் இறந்துவிடுகிறான். ஊரே அந்த மீனவன்மீது பாய்கிறது. பிரிட்டனும் பியர்ஸும் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். அதோடு அவர்கள் வாழ்க்கைத் துணைவர்கள். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம், சட்டம் மாறியது 1967-ல்தான். ஊர் ஒருவனை ஒதுக்கும் கதை பிரிட்டனுக்கு வெறும் கதையாக இருந்திருக்காது.

பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ (War Requiem) ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் காவென்ட்ரி தேவாலயம் தரைமட்டமானது. இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய தேவாலயம் கட்டினார்கள். அதன் திறப்பையொட்டி 1962 மே 30-ல் இது முதன்முதலாக ஒலித்தது.

பெரிய கோரஸும் சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடகியும் லத்தீனில் இறந்தோருக்கான வழிபாட்டைப் பாடுவார்கள். நடுநடுவே இரண்டு ஆண் குரல்கள், சின்ன வாத்தியக் குழுவோடு, வில்ஃபிரட் ஓவனின் போர்க் கவிதைகளைப் பாடும். ஓவன் முதல் உலகப்போர் முடிய ஒரே வாரம் இருக்கும்போது களத்தில் இறந்தவர். பாடுவதற்கு ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர், ஒரு ரஷ்யர் வேண்டும் என்பது பிரிட்டனின் ஆசை. பியர்ஸ் வந்தார், ஃபிஷர்-டீஸ்காவ் வந்தார். கலீனா விஷ்னெவ்ஸ்காயாவுக்கு மட்டும் சோவியத் அரசு அனுமதி தரவில்லை. பத்தே நாள் அவகாசத்தில் பாடம் செய்து ஹெதர் ஹார்ப்பர் பாடினார். 1963 ஜனவரியில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோதுதான் மூவரும் ஒன்றாகச் சேர முடிந்தது.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மணிகள் விடாமல் ஒலிக்கும் இரண்டு சுரங்களின் இடைவெளி, ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள அதே தூரம். நமக்கு அது கல்யாணியில் இனிக்கும். மேற்கத்தியருக்கோ அந்த இரண்டும் சேர்ந்து ஒலித்தால் தீராத உறுத்தல். அந்த உறுத்தலை நெடுநேரம் நிறுத்திவைத்து, ஒரு பகுதி முடியும்போது மட்டும் கோரஸ் மெல்லிய குரலில் அமைதிக்குத் திருப்பும். மொத்தப் படைப்பிலும் இப்படி மூன்றே முறைதான். மூன்றாவது முறை கேட்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1955 கடைசியில் கீழை நாடுகளுக்குக் கிளம்பியவர் டெல்லியில் ரவி சங்கரின் வாசிப்பைக் கேட்டு மயங்கிப்போனார். ஆனால் அவர் இசையில் ஆழமாகப் பதிந்தது பாலித் தீவின் கமெலான் என்ற தாள வாத்தியக் குழு இசையும் ஜப்பானின் ‘நோ’ என்ற மரபு நாடகமும்தான்.

எங்கே தொடங்கலாம்?

‘பீட்டர் கிரைம்ஸ்’ ஆபராவின் நான்கு கடல் இடையிசைகளில் முதலாவது, ‘விடியல்’. நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வயலினும் புல்லாங்குழலும் உச்சியில் ஒற்றை இழையாக நீளும். கீழே ஹார்ப்பும் கிளாரினெட்டும் வெயில் பட்ட அலைபோல மினுங்கி ஓடும். அப்புறம் அடியிலிருந்து பித்தளைக் குழல்கள் மெதுவாகப் பொங்கி வரும். இருட்டில், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1958-ல் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேறிய ‘நோவாவின் வெள்ளம்’ என்ற பைபிள் கதை ஆபரா ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது. மழையின் முதல் துளிகளுக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அவருடைய உதவியாளர் இமோஜென் ஹோல்ஸ்ட் தன் சமையலறைக்கு அழைத்துப்போய், கயிற்றில் வரிசையாகப் பீங்கான் கோப்பைகளைத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். அதையே இசைக்குறிப்பில் எழுதிவிட்டார் பிரிட்டன்.

வகுப்பிலும் செய்யலாம், டீச்சர். கைப்பிடியுள்ள கோப்பைகளாக, வெவ்வேறு அளவிலும் கனத்திலும் எட்டோ பத்தோ எடுங்கள். பெரியதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்துங்கள். ஒன்றோடொன்று இடிக்காதபடி கட்டுங்கள். விளிம்பில் தட்டினால் உடையும், வயிற்றில் தட்டச் சொல்லுங்கள்.