அணு மின்சாரத்தை எதனோடு ஒப்பிட்டு எடைபோடுவது?

கேள்வி: அணு மின்சாரம் பற்றி எங்கள் வீட்டில் ஓயாத வாக்குவாதம். தூய்மையானது என்கிறான் மகன். ஒரு விபத்து போதும், ஊரே பாழாகிவிடும் என்கிறார் கணவர். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: எதற்குப் பதிலாக அணு மின்சாரம் என்று முதலில் கேளுங்கள். நிலக்கரிக்குப் பதிலாக என்றால் மகன் சொல்வதே சரி. யுரேனியம் தோண்டுவது முதல், ஆயுள் முடிந்த அணு உலையைப் பிரிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 12 கிராம் என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2014இல் தந்த நடு மதிப்பீடு. நிலக்கரிக்கு அது 820 கிராம். நிலக்கரிப் புகை எந்த விபத்தும் இல்லாமலே நாள்தோறும் உயிர்களைக் குடிக்கிறது, அது செய்தியாவதில்லை.

கணவரின் அச்சத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அடுப்பை அணைத்தால் தீ அடங்கிவிடும். உலை அப்படி அடங்காது. அணுப்பிளவை, அதாவது அணுக்கரு பிளந்து வெப்பம் தருவதை, நிறுத்திய பிறகும், பிளவில் உண்டான தனிமங்கள் சிதைந்து வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 முதல் 7 விழுக்காடு. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் இதுவே ஏறத்தாழ 200 மெகாவாட். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு மின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததும் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே நின்றன. பின்னர் வந்த சுனாமி, குளிர்விப்புக்கு மின்சாரம் தந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

அணுக் கழிவின் அளவு சிறியது, ஆயுள்தான் மிக நீண்டது. அதிலுள்ள புளூட்டோனியம்-239 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். பின்லாந்து 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து ஒன்கலோ என்ற நிரந்தரக் கிடங்கை அமைத்திருக்கிறது. மற்ற நாடுகள் பெரும்பாலும் தற்காலிகச் சேமிப்பிலேயே காலம் தள்ளுகின்றன. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

ஆனால் புதிய உலைகளுக்குப் பெரிய தடை காலமும் பணமும்தான் என்பேன். அதே பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் கட்டுமானம் 2005இல் தொடங்கியது. 2009இல் முடிய வேண்டியது, வழக்கமான உற்பத்திக்கு வந்தது 2023இல். அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ சூரிய மின் நிலையங்களைக் கட்டி முடித்திருக்கலாம். இரவில் அவை மின்சாரம் தரா என்பதும் மெய். சேமிப்பு பேட்டரிகளின் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

என் நிலைப்பாடு இது: நன்றாக இயங்கும் உலையை நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்போதே மூடக் கூடாது. 2023 ஏப்ரலில் ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியதைத் தவறு என்றே கருதுகிறேன். புதிய உலை என்றால், கட்டி முடிக்கும் ஆண்டு, கழிவுக்கான இடம், கடைசியில் உலையைப் பிரிப்பதற்கான நிதி ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்பேன்.

கண்காணிக்கும் அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது என்பதையும் கணவர் விசாரிக்கட்டும். ஃபுகுஷிமா மனிதரால் விளைந்த பேரழிவு என்று 2012இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அறிவித்தது. அரசும் கண்காணிப்பாளர்களும் மின் நிறுவனமும் கைகோத்திருந்ததையே அது காரணமாகச் சுட்டியது.