மந்தி இல்லையான்னு கேட்டது தப்பா?

கேள்வி: 2010-ல ஆபீஸ் வேலையா ஏமன் தலைநகர் சனாவுக்குப் போயிருந்தேன். கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் மதியம் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டார். கொதிக்கிற சட்டியில ஒரு குழம்பு, மேல வெந்தய நுரை, லேசா கசப்பு. தனித் தட்டு, ஸ்பூன் எதுவும் கிடையாது, எல்லாரும் ஒரே சட்டியில கையை விட்டாங்க. எனக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. துபாய்ல மந்தின்னு ஒரு கறிச் சோறு சாப்பிட்ட ஞாபகத்துல "மந்தி இல்லையா"ன்னு கேட்டுட்டேன். அவர் முகமே மாறிடுச்சு. ஏமன் சாப்பாடுன்னா மந்திதானே சார், இதுல என்ன தப்பு?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தப்புதான். பேர் போட வேண்டாம்னு எழுதினீங்க பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

மந்தி ஏமன் சாப்பாடு இல்லன்னு யாரும் சொல்லல. ஆனா அது கிழக்க ஹத்ரமவுத் பக்கத்து சமையல். தரையில குழி அடுப்பு, உள்ள தணல், கீழ அரிசி, மேல கறி, வாயை மூடி விட்டுடுவாங்க, கறியில இருந்து சொட்டுறதெல்லாம் சோத்துல இறங்கும். அந்த ஊர்க்காரங்க பிழைக்கப் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போச்சு, ஹைதராபாத் பார்கஸ்ல நிஜாம் படையில இருந்த ஹத்ரமிகளோட வாரிசுங்க இருக்காங்களே, அங்கயும் மந்தி ஃபேமஸ். சனா வேற. 2,200 மீட்டர் உயரத்துல இருக்கிற மலை ஊர். அங்க மதியம்னா சல்தா, உங்களுக்கு இறங்காம போச்சே, அதேதான்.

அந்த நுரை எப்படி வருதுன்னு தெரியுமா? வெந்தயப் பொடியை மணிக்கணக்கா ஊறப் போட்டு, மேல நிக்கிற தண்ணியை இறுத்துட்டு, கையாலயே அடி அடின்னு அடிப்பாங்க, மஞ்சளா இருந்தது வெளுத்துப் பொங்கி வர்ற வரைக்கும். இட்லிக்கு வெந்தயம் அரைச்ச வீட்டுல வளர்ந்தவருக்கு இது புரியாதா என்ன? இறுக்கறதே கசப்பு போறதுக்குத்தான், மிச்சம் இருக்கிற துளி கசப்புதான் அந்த கறிச்சாறுக்கு ருசி. கூட தக்காளி, பச்சை மிளகா, பூண்டு, கொத்தமல்லி வச்சு அரைச்ச சஹாவிக் வேற, கிட்டத்தட்ட நம்ம பச்சை சட்னி! சட்டியும் நம்ம கல்சட்டி ஜாதிதான், அடுப்புல இருந்து இறக்கி வச்ச பிறகும் கொதிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப சொல்லுங்க, அந்தக் கொதியில யார் சார் கையை விடுவா? ரொட்டியைப் பிய்ச்சு, மடிச்சு, தனக்கு முன்னாடி இருக்கிற ஓரத்துல அள்ளுவாங்க, வலது கையால. ரொட்டிதான் ஸ்பூன். நீங்க பார்த்தது ரொட்டியை, எழுதினது கையை. ஒரே பாக்கெட் சிப்ஸ்ல அஞ்சு பேர் கை விடறப்போ யாருக்கும் இந்த சந்தேகம் வர்றதில்ல.

இன்னொண்ணு. மெல்லிசா அடுக்கடுக்கா நெய் தடவி சுட்டு, மேல கருஞ்சீரகம் தூவி, தேன் ஊத்தி ஒண்ணு வந்திருக்குமே, பிந்த் அஸ்ஸஹன்? விருந்தாளி வந்தா பல வீட்டுல அதை வைப்பாங்க, அதுவும் சாப்பாட்டோடயே, சில இடத்துல முன்னாடியே. லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஸ்வீட் கடைசியிலதான்னு ஒதுக்கி வச்சிட்டு எழுந்துட்டீங்களோன்னு எனக்கு ஒரு டவுட்டு, அப்படின்னா ரெண்டாவது தப்பு.

அவர் முகம் மாறினது தனக்காக இருக்காது. ஆம்பளை விருந்தாளி வந்தா வீட்டுப் பொம்பளைங்க உள்ள தனியாத்தான் சாப்பிடுவாங்க, நீங்க அவங்களைப் பார்த்திருக்க மாட்டீங்க. காலையில இருந்து வெந்தயம் அடிச்ச கை அங்க கதவுக்குப் பின்னாடி இருக்கு, வந்தவர் வேற சாப்பாடு கேட்கிறார்னு அந்த மனுஷன் உள்ள போய் எப்படி சொல்லுவார்? நம்ம வீட்டுக்கு வந்து பொங்கலைத் தள்ளி வச்சிட்டு "பரோட்டா இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டா உங்க அம்மா முகம் எப்படி போகும், யோசிச்சுப் பாருங்க.

நேர்ல போய் சமாதானம் சொல்றதும் இப்ப நடக்காது. அங்க சண்டை ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, 2017-லயே நம்ம அரசாங்கம் இந்தியர்கள் ஏமன் போகத் தடை போட்டுருச்சு. அவர் நம்பர் இருந்தா முதல்ல எப்படி இருக்காங்கன்னு ஒரு மெசேஜ் போடுங்க. பதில் வந்தா, அந்த சல்தா எப்படி செய்யறதுன்னு வீட்டுல கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. மந்தி பேச்சை மட்டும் எடுக்காதீங்க.